பக்கத்து மெஷினில் இருந்தவள்

2021 ஜூன் மாதம். ஊரடங்கு. அம்பத்தூரில் எங்கள் வீட்டில் அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாவது சீசனைப் பார்த்தோம். அம்மாவுக்கு இந்தி தெரியாது. இந்தி வரும் இடங்களில் நான் கதை சொல்வேன். தமிழ் வரும் இடங்களில் அவள் என்னை வாயை மூடச் சொல்வாள். சமந்தா நடித்த ராஜி சென்னையில் ஓர் ஆலையில் வேலை செய்யும் காட்சிகள் வந்தன. சூப்பர்வைசர் அவளைச் சீண்டுகிறான். ராஜி சகித்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள்.

அம்மா கேட்டாள்: "இவளுக்குப் பக்கத்துல வேல செய்றவ யாரு? அவள காட்டவே மாட்டேன்றானே?"

நான் அப்போது பதில் சொல்லவில்லை. கதை எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, அதன் பின்னாலேயே நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தொடரைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அம்மாவின் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கான பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசான் பிரைமில் 2019 செப்டம்பரில் முதல் சீசன் வந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த ராஜ், டிகே என்ற இரட்டையர் உருவாக்கியது. ஶ்ரீகாந்த் திவாரி (மனோஜ் பாஜ்பாய்) தேசியப் புலனாய்வு முகமையின் கீழ் இயங்குவதாகக் கற்பனை செய்யப்பட்ட 'டாஸ்க்' என்ற பிரிவின் உளவு அதிகாரி. வீட்டில் சாதாரண அரசு ஊழியர்போல் நடந்துகொள்கிறான். மனைவி சுச்சி (பிரியாமணி) தமிழ்ப் பெண். இரண்டாவது சீசன் சென்னைக்கு வருகிறது. ஈழப் போராளி இயக்கம் ஒன்றின் பயிற்சி பெற்ற விமானி ராஜி. ஆலைத் தொழிலாளி என்ற போர்வையில் சென்னையில் இருக்கிறாள். சென்னைக்கு வரும் இந்தியப் பிரதமரையும் இலங்கை அதிபரையும் கொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தரப்பட்ட வேலை. ஒன்பது பகுதிகள். 2021 ஜூன் 4 அன்று வெளியானது.

இந்தத் தொடர் உருவான விதத்தில் பாராட்ட வேண்டியவை உண்டு. மும்பையில் எடுக்கப்படும் படங்களில் தமிழர்கள் 'ஐயோ' சொல்லி இந்தி பேசுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இதில் தமிழர்கள் தங்களுக்குள் தமிழிலேயே பேசினார்கள். இந்திப் பார்வையாளர்கள் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். எழுத்துக் குழுவில் இருந்த சுமன் குமார், பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்க்கும் ஒரு பெண்ணை நாயகியாக்கி 'ரகு தாத்தா' படத்தை இயக்கியவர். அழகம்பெருமாள், மைம் கோபி, தேவதர்ஷினி, ரவீந்திர விஜய் என்று நாம் அறிந்த முகங்களையே நடிக்கவைத்தார்கள். பல்லாவரத்தில் வளர்ந்த சமந்தா, ஈழத் தமிழின் ஒலிப்பைப் பழகி, சண்டைப் பயிற்சி எடுத்து, பெரும்பாலான சண்டைகளைத் தானே செய்தார். போரைப் பற்றிய ஆவணப்படங்களைப் படக்குழு தனக்குக் காட்டியதாகவும், அவற்றில் ஈழப் பெண்களின் கதைகளைக் கண்டு அதிர்ந்துபோனதாகவும் எழுதினார். அந்த உழைப்பு அவருடைய கண்களில் தெரிந்தது. அதற்கு விருதும் கிடைத்தது.

இவ்வளவு கவனமாக உருவாக்கிய ஒரு தொடர் ஏன் ராஜிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவளைக் காட்ட மறந்தது?

உளவுக் கதை என்பது ரகசியத்தின் கதை. யார் எதை யாரிடமிருந்து மறைக்கிறார்கள் என்பதுதான் அதன் முடிச்சு. இந்தத் தொடரில் யாருடைய ரகசியத்துக்கு என்ன பெயர் கிடைக்கிறது என்று பாருங்கள். ஶ்ரீகாந்த் மனைவியிடம் பொய் சொல்கிறான், பிள்ளைகளிடம் பொய் சொல்கிறான், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஏமாற்றுகிறான். அதற்குப் பெயர் கடமை. நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம், பரிதாபப்படுகிறோம். சுச்சி, தன்னோடு வேலை செய்யும் அரவிந்துடன் லோனாவாலாவில் ஒரு கருத்தரங்குக்குப் போகிறாள். அங்கே என்ன நடந்தது என்று முதல் சீசன் காட்டவில்லை. அவ்வளவுதான், 'லோனாவாலாவில் என்ன நடந்தது?' என்பது நாடு தழுவிய கேள்வியாகிவிட்டது. மீம்கள் குவிந்தன. கணவனின் நூறு ரகசியங்களை நாட்டுக்காக என்று மன்னித்த அதே பார்வையாளர்கள், மனைவியின் ஒரே ஒரு ரகசியத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். ராஜியின் ரகசியத்துக்குப் பெயர் பயங்கரவாதம்.

ஆணின் ரகசியம் கடமை, மனைவியின் ரகசியம் துரோகம், எதிரிப் பெண்ணின் ரகசியம் ஆபத்து. இந்த மூன்று பெட்டிகளிலும் அடங்காத ஒரு ரகசியம் உண்டு. பெண்கள் ஒருவருக்காக ஒருவர் காக்கிற ரகசியம். உளவுத் தொடர்கள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த வகைத் தொடர்களில் பெண் எப்படி உள்ளே வந்தாள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1961இல் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற தொடர் தொடங்கியது. இப்போது அந்தப் பெயரில் வரும் அமெரிக்கச் சூப்பர் ஹீரோ படங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதலில் இரண்டு ஆண்கள்தான் நாயகர்கள். அவர்களில் ஒருவர் விலகியதும், அந்த இடத்துக்கு 1962இல் ஹானர் பிளாக்மன் வந்தார். ஆணுக்காக ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சில கதைகளை அதிகம் மாற்றாமல் அவருக்கே கொடுத்தார்கள். தற்செயலாகத் தொலைக்காட்சியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. காபி கொண்டுவந்து கொடுக்காத, காப்பாற்றச் சொல்லிக் கத்தாத, ஜூடோ தெரிந்த ஒரு பெண் திரையில் தோன்றினாள். அதன் தொடர்ச்சியாகப் பிளாக்மன் 1965இல் தற்காப்புக் கலை பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். பெண்ணுக்காக யோசித்து எழுதியபோது கிடைக்காத சுதந்திரம், யோசிக்காமல் விட்டபோது கிடைத்தது.

அவருக்குப் பிறகு வந்தவர் டயானா ரிக். எம்மா பீல் என்பது பாத்திரத்தின் பெயர். ஆண்களைக் கவர வேண்டும் என்ற தேவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கித்தான் அந்தப் பெயரையே உருவாக்கினார்கள். உலகப் புகழ் பெற்றபோது, தன் சம்பளம் அந்தத் தொடரின் கேமராமேன் வாங்குவதைவிடக் குறைவு என்று டயானா ரிக்குக்குத் தெரியவந்தது. அவர் அதை வெளியே சொன்னார், கூட்டிக் கேட்டார். பத்திரிகைகள் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று எழுதின. துறையில் ஒருவர்கூடத் தனக்கு ஆதரவாக நிற்கவில்லை என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொன்னார். சம்பளம் கூட்டித் தரப்பட்டது. கொஞ்ச காலத்தில் தொடரிலிருந்து விலகிவிட்டார்.

எனக்கு இந்தக் கதையில் உறைக்கிற இடம் சம்பளம் அல்ல, தனிமை. திரையில் எம்மா பீல் தனி ஆளாக எத்தனை பேரையும் வீழ்த்துவாள். அவள் பலமே அதுதான் என்று காட்டினார்கள். வெளியே டயானா ரிக்கும் தனி ஆளாகத்தான் நின்றார். பெண் உளவாளி என்றால் ஆண்கள் நடுவே ஒற்றையாக நிற்கும் பெண் என்ற அச்சு அன்று வார்க்கப்பட்டது. ராஜியும் அதே அச்சில் வந்தவள்தான்.

ஶ்ரீகாந்துக்கு எத்தனை துணை என்று எண்ணிப் பாருங்கள். உயிர்த்தோழன் ஜேகே. சென்னையில் முத்து. காவல்துறையிலிருந்து உமையாள். எந்த நேரத்தில் போன் செய்தாலும் தகவல் தரும் ஓய்வுபெற்ற செல்லம் சார். சில நிமிடங்களே வரும் அந்தச் செல்லம் சார், தொடர் வந்த வாரத்திலேயே நாடு முழுக்க மீம் ஆனார். ராஜிக்கோ கட்டளையிடும் ஆண்கள் இருக்கிறார்கள், தோளோடு தோள் நின்று சண்டையிடும் ஓர் ஆண் இருக்கிறான். அவளோடு உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்த ஒரு பெண்கூட என் நினைவில் தங்கவில்லை. ஆலை நிறையப் பெண்கள் வேலை செய்வார்கள். தொடருக்கு அவர்கள் சுவரில் பூசிய சுண்ணாம்பு மாதிரி.

இனி அம்பத்தூருக்கு வருகிறேன். உளவுக் கதை எடுக்க வேண்டுமென்றால் எங்கள் மேற்குப் புறநகர் பொருத்தமான இடம். ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது, விமானப்படைத் தளம் இருக்கிறது, படையினருக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. நீளமான சுவர்கள், படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகள், அடையாள அட்டை கேட்கும் வாசல்கள். பூந்தமல்லியில் சிறப்பு நீதிமன்றம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு அங்கேதான் மூடிய கதவுகளுக்குள் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஈழத் தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாமும் பூந்தமல்லியில் இருந்தது. ஈழப் பெண், குண்டு, தேசத் தலைவர் என்று தொடர் கையிலெடுத்த கற்பனையின் நிஜ நிழல் எங்கள் பஸ் ரூட்டிலேயே விழுந்து கிடந்தது.

அந்த நிழல் யார் மீதெல்லாம் விழுந்தது என்பதை நான் அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அம்மா தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தாள். காலர் வைக்கிற லைன். அவளுக்குப் பக்கத்து மெஷினில் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். நன்றாகத் தைப்பார், டார்கெட்டை முடித்துவிடுவார், ஆனால் பேசவே மாட்டார். கேட்டதற்குத் தலையாட்டுவார். ஊமை என்றுதான் முதல் வாரம் நினைத்தார்களாம்.

ஒருநாள் ஷிப்மென்ட் அவசரம். சூப்பர்வைசர் பின்னாலிருந்து வந்து, "இன்னிக்கு ஓட்டி இருப்பியா?" என்று கத்தினார். அதிர்ந்துபோன அந்த அக்காவின் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஓம்."

ஈழத் தமிழில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள். 1991க்குப் பிறகு அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று இன்றைய மாணவிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். முகாமுக்கு வெளியே வாழ்கிற ஈழத் தமிழர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடப் பயந்தார்கள். விசாரணை என்று எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். சேர்ந்த வேலை போகலாம். லைனில் மெஷின் சத்தம் ஒரு நொடி நின்றது. சூப்பர்வைசர், "என்ன சொன்ன?" என்றார்.

அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாளாம்: "முருக பக்தை சார் அது. விரதம். எது கேட்டாலும் ஓம் ஓம்னுதான் சொல்லும்."

லைன் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் அந்த அக்கா அம்மாவிடம் தன் ஊர் எது என்று சொன்னார். அதற்குப் பிறகு லைனில் இருந்த பெண்கள் அவருக்குச் சென்னைத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். கதைக்கிறது இல்ல, பேசுறது. விளங்குது இல்ல, புரியுது. கதிரை இல்ல, சேர். அவர்களில் யாரும் வெளியே சொல்லவில்லை. வீட்டில் கணவன்மாரிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கே அம்மா இந்தக் கதையைச் சொன்னது அந்தத் தொடரைப் பார்த்த இரவில்தான். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்த ரகசியம். எந்த உளவு நிறுவனத்தின் கோப்புக்கும் இது குறைந்ததில்லை.

அவர்களிடம் சங்கேதமும் இருந்தது. கை நீளும் ஒரு சூப்பர்வைசர் லைனுக்குள் வந்தால், முதலில் பார்த்தவள் கத்திரிக்கோலால் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள். அந்தச் சத்தம் மெஷின் மெஷினாகக் கடைசி வரை போகும். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்ணை எழுப்பி உள்பக்க மெஷினுக்கு மாற்றிவிட்டு, வயதான அக்கா ஒருவர் அவள் இடத்தில் வந்து உட்காருவார். பாத்ரூமுக்குத் தனியாகப் போகாமல் துணைக்கு ஒருத்தி போவாள். ஆபீஸ் ரூமுக்கு யாரையாவது கூப்பிட்டால், பீஸில் கறை என்று சொல்லிக்கொண்டு இன்னொருத்தி பின்னாலேயே போவாள். புகார் கொடுக்க இடமில்லாத காலம் அது. அதனால் கண்காணித்தார்கள். நோட்டம் பார்ப்பது, தகவல் கடத்துவது, போர்வை தருவது, ஆளைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது. உளவு வேலை என்று இவற்றைத்தானே சொல்கிறோம்?

இப்போது ராஜிக்குத் திரும்புவோம். ஆலையில் சூப்பர்வைசர் சீண்டுகிறான், பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான். ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்த அந்தக் கூச்சத்தையும் கோபத்தையும் சமந்தா சொல்லில்லாமல் கொண்டுவந்தார். அந்த இடங்களில் தொடர் உண்மையாக இருந்தது. ஆனால் அந்த உண்மையை அது எதற்குப் பயன்படுத்தியது? சீண்டியவன் ராஜியின் கையால் சாகும்போது நாம் கைதட்டுகிறோம். கைதட்டிய எனக்கும் அதில் பங்குண்டு. உடனே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: கொல்லப் பயிற்சி பெற்ற ஒருத்தியால்தான் அங்கே தப்பிக்க முடியும் என்றால், பயிற்சி பெறாத மற்ற பெண்கள் அடுத்த நாள் அதே ஆலைக்குத்தானே வேலைக்குப் போவார்கள்? அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? தொடருக்கு அந்தக் கேள்வி எழவில்லை. பாலியல் சீண்டல் அங்கே ஒரு பிரச்சினையாக வரவில்லை. ராஜியை இயக்கும் எரிபொருளாக வந்தது. போரில் படையினரால் அவளுக்கு நேர்ந்த வன்கொடுமையும் அப்படித்தான். பெண் ஆயுதம் எடுத்ததற்கு அரசியல் காரணம் போதாது, உடம்பில் ஒரு காயம் வேண்டும் என்று நினைக்கும் பழைய வழக்கம்.

ராஜியின் தோலைக் கறுப்பாக்கியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அப்போதே பலர் கண்டித்தார்கள். ஏழை, போராளி, ஈழத்துப் பெண் என்றால் கறுப்புதான் என்று முடிவு செய்து, அதற்குக் கறுப்பான நடிகையைத் தேடாமல், வெளிறிய முகத்தின் மேல் சாயம் பூசினார்கள். காதலிக்கப்படும் பாத்திரங்களில் நடிக்க நம் சினிமா கறுப்பான பெண்களைக் கூப்பிடுவதில்லை. துன்பப்படும் பாத்திரத்தையாவது கொடுப்பார்களா என்றால் அதற்கும் சாயம் வந்துவிடுகிறது. காலை நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கும் பெண்களைப் பார்த்தால் தெரியும், தொழிலாளிக்கு ஒரே நிறம் கிடையாது. எஸ்டேட்டை நேரில் பார்க்காதவர்களின் கற்பனையில்தான் அவளுக்கு ஒரே நிறம்.

தொடருக்கு எழுந்த எதிர்ப்பிலும் இந்தப் பெண்கள் இல்லை. 2021 மே மாதம் டிரெய்லர் வந்த உடனேயே, ஈழப் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்று வைகோ கண்டித்தார். தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மனோ தங்கராஜ் தொடரைத் தடை செய்யக் கோரி ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். விடுதலைப் போராட்டத்தை வெறும் சதியாகச் சுருக்குவது குறித்த அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் விவாதம் முழுக்க இனத்தின் மானத்தைச் சுற்றியே நடந்தது. அந்த மானத்தைச் சுமக்கும் சிலையாக ராஜியை நிறுத்தினார்கள். அவள் ஒரு தொழிலாளியாகவும் காட்டப்பட்டாள் என்பது தொடரை ஆதரித்தவர்களுக்கும் பொருட்டாக இல்லை, எதிர்த்தவர்களுக்கும் பொருட்டாக இல்லை.

தொடருக்குள்ளேயே ஒரு மாற்று வழி கண்ணில் பட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். தேவதர்ஷினி நடித்த உமையாள், நடுத்தர வயதுக் காவல் அதிகாரி. அலட்டிக்கொள்ளாமல் வேலையை முடிக்கிறவர். 'மர்மதேசம்' காலத்திலிருந்து நாம் பார்த்து வரும் நடிகை, பல ஆண்டு நகைச்சுவைத் துணைப் பாத்திரங்களுக்குப் பிறகு இங்கே ஆளுமையோடு நின்றார். சீமா பிஸ்வாஸ் நடித்த பிரதமரும் ஒரு பெண். வேட்டையாடுபவர்களில் ஒருத்தி பெண், விமானத்தை ஓட்டுகிறவள் பெண், அவள் குறிவைக்கும் தலைவரும் பெண். இந்த மூவரும் எதிரெதிராகத்தான் நிறுத்தப்படுகிறார்கள். கடைசியில் ராஜி விமானத்தோடு வானில் சிதறுகிறாள். அவள் வேலை செய்த ஆலையில் அன்று யார் அவளைத் தேடியிருப்பார்கள்? ஒருத்தி நிச்சயம் தேடியிருப்பாள். நம் எல்லோருக்கும் அப்படி ஒருத்தி உண்டு.

இதையெல்லாம் கதைக்காரர்களிடம் நான் கேட்கும் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். தொடர் வெளியாவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2021 ஜனவரியில், திண்டுக்கல் வட்டாரத்தில் ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தார். பெண்கள் தலைமையில் இயங்கும் 'தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன்' என்ற தொழிற்சங்கம், சர்வதேச அமைப்புகளோடு சேர்ந்து போராடியது. 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தோடும் ஓர் ஒப்பந்தத்தைச் சாதித்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வேலை செய்யும் பெண்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தளத்தில் நடக்கும் சீண்டலைக் கவனித்துச் சொல்லும் கண்காணிப்பாளர்களாக ஆக்கினார்கள். அவர்களை யாரும் பழிவாங்க முடியாதபடி பாதுகாப்பும் தரப்பட்டது.

அம்மாவின் லைனில் கத்திரிக்கோல் தட்டிய அதே வேலைதான். இப்போது அதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கிடைத்திருக்கின்றன. உளவுத் தொடரின் 'கண்காணிப்புப் பிரிவு' எல்லோரையும் பார்த்தது, ஆலையை மட்டும் பார்க்கவில்லை. பெண்கள் தாங்களாகவே ஒரு கண்காணிப்புப் பிரிவை அமைத்துக்கொண்டார்கள். இதில் ரகசியம் இருக்கிறது, ஆபத்து இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது. ஒன்பது பகுதி எடுக்க வேண்டிய அத்தனையும் இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை. உங்களில் ஒருத்தி எழுதக்கூடும் என்ற ஆசையில்தான் இதைச் சொல்கிறேன்.

தொடர் முடிந்ததும் போனை அணைத்துவிட்டு, அந்த அக்கா இப்போது எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். இதப் பத்தி எழுதலாம்னு."

அம்மா டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். "எழுது. ஆனா பேரு, ஊரு, எந்த வருஷம், எந்தக் கம்பெனி, ஒண்ணும் வேணாம்."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை.